வெள்ளைக்காரன் ஏன் போனான்? இந்திய விடுதலை நடந்த விதம், யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால்

ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 15 நெருங்கும்போது எங்கள் ஆட்களின் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் மூன்று பதிவுகள் திரும்பத் திரும்பச் சுற்றும். காந்தி உண்ணாவிரதம் இருந்தார், வெள்ளைக்காரன் மனம் மாறிப் போய்விட்டான் என்பது முதலாவது. காந்தியால் ஒன்றும் நடக்கவில்லை, நேதாஜியின் படைக்குப் பயந்துதான் போனான் என்பது இரண்டாவது. மூன்றாவது பதிவு இரண்டையும் மறுக்கும்: ஹிட்லரோடு மோதியதில் பிரித்தானியாவின் கஜானா காலி, அதனால் தானாகவே போனான், அதுவும் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனான் என்று சொல்லும். இவற்றின் கீழே யாராவது ஒருவர் வந்து, "அப்ப எங்களுக்கு ஏன் பெப்ரவரி 4? நாங்கள் சண்டையே பிடிக்கவில்லையே" என்று இலங்கையின் சுதந்திர நாளைப் பற்றிக் கேட்பார். அது நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல ஒருவரும் வருவதில்லை.

மூன்று பதிவிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது, குத்தகைக் கதையைத் தவிர. ஆனால் மூன்றுமே "யார் துரத்தினார்?" என்ற ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இத்தனை கோடிப் பேர் வாழும் நாட்டை அவன் எதை வைத்துக்கொண்டு ஆண்டான் என்பது. அது விளங்கினால், எது எப்போது கழன்றது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

1. சுயராச்சியம். 1906இல் கல்கத்தாக் காங்கிரஸ் மாநாட்டில் தாதாபாய் நௌரோஜி இந்தச் சொல்லை மேடையேற்றினார். அப்போது அதற்குக் கனடா போல உள்ளாட்சி என்ற அளவுதான் பொருள். ஆளுக்கு ஆள் பொருள் மாறியதால்தான் இத்தனை பேரை ஒரே சொல்லுக்குக் கீழே கூட்ட முடிந்தது.

2. டொமினியன் அந்தஸ்து. நாட்டை நீங்களே ஆளலாம், அரசர் மட்டும் லண்டனில் இருப்பார். கனடா, அவுஸ்திரேலியா அப்போது இருந்த நிலை.

3. பூரண சுயராச்சியம். டொமினியன் போதாது, முழு விடுதலை வேண்டும் என்று 1929 டிசெம்பரில் லாகூர் மாநாட்டில் எடுத்த முடிவு. அடுத்த மாதம் 26ஆம் திகதி நாடு முழுக்க உறுதிமொழி எடுத்தார்கள். இந்தியா தன் குடியரசு தினத்துக்கு ஜனவரி 26ஐத் தேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

4. அதிகார மாற்றம். 1947இல் நடந்ததற்குப் பிரித்தானியா வைத்த பெயர். "நாங்களாகக் கையளித்தோம்" என்ற தொனி அதில் இருக்கிறது. சட்ட வேலைக்குப் பொருத்தமான சொல், வரலாற்றைச் சொல்லப் போதாத சொல்.

முப்பத்தைந்து கோடியை ஒன்றரை லட்சம் ஆண்டது எப்படி

1931 குடிசன மதிப்பில் பர்மாவையும் சேர்த்து இந்தியாவில் சுமார் 35 கோடிப் பேர். அங்கே இருந்த ஐரோப்பியர்கள், சிப்பாய், வியாபாரி, தோட்டத்துரை, மனைவி, பிள்ளை எல்லாரையும் எண்ணினாலும் ஒன்றரை லட்சம் சொச்சம்தான். நாட்டின் மேல்மட்ட நிருவாகத்தை நடத்திய ஐ.சி.எஸ். அதிகாரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். துப்பாக்கியால் மட்டும் இது முடியாது.

அப்படியானால் எதனால் முடிந்தது?

1. உத்தியோகத்தர்கள். எங்கள் ஊரை நினைத்தால் உடனே விளங்கும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், ஒரு வெள்ளைக்கார ஏஜெண்டு இருந்தார், ஆனால் ஊருக்குள் ஆட்சியை நடத்தியவர்கள் மணியகாரரும் உடையாரும் விதானையாரும். எல்லாரும் எங்கள் ஆட்கள். இந்தியாவிலும் அதே கதைதான்: மேலே ஒரு கலெக்டர், கீழே தாசில்தார், கிராம முன்சீப், கர்ணம், போலீஸ்காரர்.

2. சிப்பாய்கள். இந்தியாவைப் பிடித்ததும் காத்ததும் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். 1857இல் அவர்களில் ஒரு பகுதி எதிர்த்துத் திரும்பியபோது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியே முடிந்து, அடுத்த வருடம் முடியாட்சி நேரடியாகக் கையில் எடுத்தது. அந்தப் பயம் பிறகு ஒருநாளும் லண்டனை விட்டுப் போகவில்லை.

3. பணம். நிலவரி, உப்புவரி, சுங்கம், அத்தோடு லங்காஷயர் துணிக்குக் கிடைத்த பெரிய சந்தை. இந்தியாவை ஆளும் செலவை இந்தியாவே கட்டியது. லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தின் செலவும், ஊர் திரும்பிய அதிகாரிகளின் பென்சனும்கூட இந்தியக் கணக்கில்தான்.

4. இடையில் இருந்தவர்கள். ஐந்நூற்று அறுபதுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள், ஜமீன்தார்கள், வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம் பெற்ற பிரமுகர்கள்.

இந்த நான்கு தூண்களையும் கட்டி வைத்திருந்தது ஒரு நம்பிக்கை: இவனை அசைக்க ஏலாது என்ற நம்பிக்கை. தாசில்தார் அதனால்தான் கையெழுத்துப் போட்டார், சிப்பாய் அதனால்தான் சுட்டார். அடுத்த நாற்பது வருடப் போராட்டத்தை, கூட்டம், ஊர்வலம், சிறை எல்லாவற்றையும், இந்த நம்பிக்கையை உடைக்கும் வேலை என்று வாசித்தால் பல விசயம் தெளிவாகும்.

கொழும்புக்கு ஓடிய கப்பல்

1905இல் வங்காளத்தைக் கர்சன் பிரபு இரண்டாகப் பிரித்தார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் சுதேசி இயக்கம்: அந்நியத் துணியை விடு, உள்ளூர்ப் பொருளை வாங்கு. வடக்கில் துணி எரிந்தது. தெற்கில் ஒருவர் கடலில் இறங்கினார்.

தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த வ.உ.சிதம்பரம்பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஓடிய தடம் தூத்துக்குடி, கொழும்பு. ஆம், எங்கள் தீவுக்கு வந்து போன தடம். அதுவரை அந்தப் பாதையை வெள்ளைக்காரக் கம்பெனி தனியாக வைத்திருந்தது. போட்டி வந்ததும் அது கட்டணத்தை அடியோடு வெட்டியது, அதிகாரிகளும் தங்களால் ஆன இடைஞ்சலைக் கொடுத்தார்கள். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற பிறகு வ.உ.சி.யைப் பிடித்து இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது, ஆனால் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கம்பெனியும் மூழ்கியது.

தோல்விதான். ஆனால் பதிலடியின் அளவைப் பாருங்கள். இரண்டு கப்பல் ஓட்டிய ஒரு வக்கீலுக்கு இரட்டை ஆயுள். மூன்றாவது தூணில், பணத்தில், கை வைத்தால் எங்கே வலிக்கும் என்பதை அரசாங்கமே காட்டிக்கொடுத்தது.

பிறகு முதலாம் உலகப்போர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்து போனார்கள். போர் முடிந்து கிடைத்த பரிசு, விசாரணை இல்லாமல் அடைத்து வைக்க இடம் தரும் ரௌலட் சட்டம். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்: நான்கு பக்கமும் மதில் சூழ்ந்த இடத்தில் கூடி நின்றவர்கள் மேல் பிரித்தானிய இராணுவ அதிகாரி டயர் சுடச் சொன்னார். அரசாங்கக் கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள். "வெள்ளைக்காரன் கடுமையானவன், ஆனால் நீதியானவன்" என்று படித்த இந்தியர்கள் வைத்திருந்த நினைப்பு அன்றைக்கே செத்தது.

1920 தொடக்கம் 1922 வரை காந்தியின் ஒத்துழையாமை இயக்கம். பெயரே விளக்கம் சொல்கிறது: பட்டத்தைத் திருப்பிக் கொடு, நீதிமன்றத்தை விடு, கல்லூரியை விடு. முதலாவது தூணையும் நான்காவது தூணையும் நேராகக் குறிவைத்த திட்டம். வடக்கே சௌரி சௌரா என்ற ஊரில் கூட்டம் போலீஸ் நிலையத்தை எரித்துப் போலீஸ்காரர்கள் செத்ததும் காந்தி நிறுத்திவிட்டார். நிறுத்தியது சரியா பிழையா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. என் எண்ணம், அன்றைக்கு நிறுத்தாமல் போயிருந்தால் அரசாங்கத்துக்குப் பிடித்தமான களத்தில், துப்பாக்கிக் களத்தில், மக்கள் தனியாக மாட்டுப்பட்டிருப்பார்கள்.

உப்பு: எதிர்க்கரையில் நடந்தது

உப்பில் ஏன் கை வைத்தார்கள் என்பது வெளியூர்க்காரருக்கு விளங்கச் சிரமம், எங்களுக்குச் சுகம். கோடையில் தொண்டைமானாறு, ஆனையிறவுப் பக்கம் கடனீரேரி வற்றும்போது தரவையில் உப்பு வெள்ளையாகத் தானே பூத்துக் கிடக்கும். குனிந்து ஒரு கை அள்ளினால் அது உப்பு. பிரித்தானிய இந்தியாவில் அப்படி அள்ளுவது குற்றம். 1882 உப்புச் சட்டம் உப்பு எடுப்பதையும் விற்பதையும் அரசாங்கத்தின் கையில் வைத்து, அதன் மேல் வரியும் போட்டது. தானாகப் பூத்த உப்பை மக்கள் எடுத்துவிடாதபடி அதிகாரிகள் மண்ணோடு கலந்து அழித்தார்கள். ராசாவும் கூலிக்காரனும் ஒரே அளவு உப்புத்தான் தின்பார்கள், ஆகவே இந்த வரி ஏழைக்குத்தான் பாரம். இந்து, முஸ்லிம், ஆண், பெண், சாதி என்ற பேதம் இல்லாத ஒரு குறை நாட்டில் எங்காவது இருந்தது என்றால் அது உப்புத்தான்.

காந்தி 1930 மார்ச் 12இல் சபர்மதியில் இருந்து 78 பேரோடு புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்ரல் 6இல் தண்டிக் கரையில் உப்பை அள்ளினார். இது எல்லாருக்கும் தெரியும். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், வடமராட்சிக் கரைக்கு எதிரே இருக்கும் வேதாரணியத்தில் நடந்தது எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் போய் வந்த அதே வேதாரணியம்.

ஏப்ரல் 13இல் திருச்சியில் இருந்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு புறப்பட்டார். ஏறத்தாழ 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் ஓர் உத்தரவு போட்டார்: இவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தாலும் தங்க இடம் கொடுத்தாலும் சிறை. சட்டப்படி யாரும் கொடுக்கவில்லை. ஆனால் தொண்டர்கள் நடந்து போன வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வேதாரணியத்தில் வேதரத்தினம்பிள்ளை எல்லா ஏற்பாட்டையும் செய்து வைத்திருந்தார். 28ஆம் திகதி போய்ச் சேர்ந்தார்கள், 30ஆம் திகதி உப்பு எடுத்த ராஜாஜியைக் கைது செய்தார்கள்.

அங்கே வைரப்பன் என்று ஒரு நாவிதர் இருந்தார். தான் சவரம் செய்துகொண்டிருக்கும் ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியை முடித்துக் கொடு என்றபோது மறுத்துச் சிறைக்குப் போனார் என்று அந்த ஊர் இன்றும் நினைவு வைத்திருக்கிறது. நான் இந்தக் கதையில் நெடுநேரம் நிற்பேன், ஏனென்றால் முழுத் திட்டமும் அந்தப் பாதி முகத்தில் இருக்கிறது. வைரப்பனிடம் துப்பாக்கி இல்லை, பட்டம் இல்லை, திருப்பிக் கொடுக்கப் பதவி இல்லை. அவரிடம் இருந்தது அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட ஒரு சின்ன வேலை. அதை அவர் செய்யவில்லை. இப்படி லட்சக்கணக்கானவர்கள் ஒவ்வொரு வேலையைச் செய்யாமல் விட்டால் ஒரு கலெக்டர் என்ன செய்வார்? சிறையில் போடுவார். அந்த வருடம் 60,000க்கு மேல் போட்டார்கள். சிறை நிரம்பியது, சிறைக்குப் பயம் போனது.

யாழ்ப்பாணம் என்ன செய்தது

கடலுக்கு இந்தப் பக்கம் அந்தக் காற்று நன்றாகவே அடித்தது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகமும் கூட்டாளிகளும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் பிறகு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. 1927 நவெம்பரில் காந்தி இவர்களின் அழைப்பில் யாழ்ப்பாணம் வந்தார், கதர் நிதி சேர்த்தார். சாதி பார்க்காத சம ஆசனமும் இவர்களின் கோரிக்கைகளில் இருந்தது, அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அது சின்ன விசயமே இல்லை.

1931இல் இலங்கைக்கு டொனமூர் யாப்பு வந்தது. 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு. இந்தியாவுக்கு அது 1950இல் குடியரசோடுதான் கிடைத்தது, ஆகவே வாக்குரிமையில் நாங்கள் முந்தி. ஆனால் அந்த யாப்பில் சுயராச்சியம் இல்லை என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்ற நான்கு தொகுதியிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. இலங்கை முழுக்க இந்த அளவுக்குப் போன வேறு இடம் இல்லை. தெற்கு சேர்ந்து நிற்கும் என்று நம்பினார்கள், தெற்கு தேர்தலுக்குப் போனது. எங்கள் நான்கு கதிரையும் 1934 இடைத்தேர்தல் வரை காலியாகக் கிடந்தன.

அவர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பகிஷ்கரிப்பு ஏன் பலிக்கவில்லை என்பதை மேலே சொன்ன தூண் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையிலும் மலாயாவிலும் அரசாங்கக் கிளாக்கர்மாரையும் புகையிரத நிலைய அதிபர்களையும் அனுப்பிய ஊர் யாழ்ப்பாணம். முதலாவது தூணே நாங்கள்தான். காலியாகக் கிடந்தவை சட்டசபைக் கதிரைகள், கந்தோர்க் கதிரைகள் அல்ல. அரசாங்கத்துக்கு எது தேவையோ அது தொடர்ந்து கிடைத்தது, எது தேவையில்லையோ அது நிறுத்தப்பட்டது.

பழக்கம் மாறிய இரண்டு வருடம்

1935 இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்கு அமைச்சரவை கொடுத்தது. 1937 தேர்தலுக்குப் பிறகு 11 மாகாணத்தில் 8இல் காங்கிரஸ் ஆண்டது. வேதாரணியத்தில் பிடிபட்ட ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வர். அவரைக் காவல் காத்த போலீஸ் இப்போது அவருக்கு சலூட் அடித்தது. நாளைக்கு யார் ஆளப்போகிறார் என்று ஒவ்வொரு தாசில்தாரும் அன்றைக்கே மனக்கணக்குப் போட்டிருப்பார். இரண்டாம் உலகப்போரில் இந்தியாவைக் கேட்காமலே சேர்த்ததால் 1939இல் இந்த அமைச்சரவைகள் பதவி விலகின, ஆனால் அந்த மனக்கணக்கு மாறவில்லை.

போர் எதை எதைக் கழற்றியது

1. நம்பிக்கையை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் ஜப்பான் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டது. அசைக்க ஏலாதவன் அசைந்ததை ஆசியா முழுக்கக் கண்ணால் கண்டது.

2. இணக்கத்தை. 1942 ஓகஸ்ட் 8இல் பம்பாயில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம், விடிவதற்குள் தலைவர்கள் எல்லாரும் உள்ளே. தலைமை இல்லாமலே மக்கள் எழும்பினார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தந்திக் கம்பியை வெட்டினார்கள். 1857க்குப் பிறகு வந்த மிகப் பெரிய கிளர்ச்சி இது என்று வைஸ்ராய் லின்லித்கோ சேர்ச்சிலுக்கு எழுதினார். அடக்க 57 பற்றாலியன் இராணுவம் தேவைப்பட்டது. அடங்கியது, ஆனால் போர் நடக்கும்போது நாட்டுக்குள் இராணுவத்தை இறக்கித்தான் ஆள முடிந்தது. அடுத்த வருடம் வங்காளத்தில் பஞ்சம், முப்பது லட்சம் பேர் அளவில் செத்தார்கள். அதற்குப் பிறகு "உங்கள் நன்மைக்காக ஆளுகிறோம்" என்று சொல்ல வாய் இருக்கவில்லை.

3. பணத்தை. இந்தியாவுக்கு வெளியே இந்தியப் படைகள் செய்த போரின் செலவைப் பெரும்பாலும் பிரித்தானியா ஏற்பதாக 1939இல் ஒப்பந்தம் ஆனது. ஆனால் உடனே காசு கொடுக்கவில்லை, கடனாகக் கணக்கில் எழுதி வைத்தது. போர் முடிந்தபோது அந்தக் கடன் 130 கோடி ஸ்டேர்லிங் பவுண் அளவில் நின்றது. நூறு வருடமாக இந்தியா லண்டனுக்குக் கட்டியது, இப்போது லண்டன் இந்தியாவுக்குக் கடன்காரன். லண்டனோ அமெரிக்காவிடம் 375 கோடி டொலர் கடன் கேட்டு வாங்கிய நிலையில் இருந்தது.

4. சிப்பாயை. இதுதான் கடைசியாகக் கழன்றது, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் 1943இல் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தைப் பொறுப்பெடுத்தார். அதில் ஜப்பானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களும், மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் இலங்கைத் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். 1944இல் இம்பாலில் அந்தப் படை ஜப்பானியரோடு சேர்ந்து தோற்றது. ஆகவே "நேதாஜியின் படை துரத்தியது" என்பது போர்க்களக் கணக்கில் சரியில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1945 நவெம்பரில் அந்தப் படையின் மூன்று அதிகாரிகளை டெல்லிச் செங்கோட்டையில் வைத்து விசாரித்தார்கள்: ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர். நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் கோபப்படுத்த இதைவிட வழி இல்லை. நேரு கறுப்பு அங்கி போட்டு வழக்காட வந்தார். தெருக்கள் நிரம்பின. தண்டனை ஆயுள் நாடுகடத்தல், ஆனால் தளபதி ஓக்கின்லெக் அதை நிறைவேற்றத் துணியாமல் நீக்கினார். சத்தியம் முறித்த சிப்பாயைத் தண்டிக்க முடியாத இராணுவம் எத்தனை நாளைக்கு இராணுவமாக இருக்கும்?

பதில் 1946 பெப்ரவரி 18இல் பம்பாயில் வந்தது. தல்வார் என்ற கடற்படைத் தளத்து மாலுமிகள், அழுகிய சாப்பாட்டுக்கும் வசவுக்கும் எதிராகத் தொடங்கிய மறியல் சில நாளில் 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. ஆறு நாளில் முடிந்தது. சரணடையச் சொன்னவர் சர்தார் பட்டேல், அதற்காக அவரைத் திட்டுபவர்கள் உண்டு. அடுத்த வருடம் தான் பொறுப்பெடுக்கப்போகும் படையில் ஒழுங்கு குலைவதை அவர் விரும்பவில்லை என்பது எனக்கு விளங்குகிறது, ஆனாலும் அந்த மாலுமிகள் பிறகு வேலை இழந்து தெருவில் நின்றபோது நாடு அவர்களுக்குச் செய்தது போதாது.

அப்படியானால் காந்தியா, நேதாஜியா? செங்கோட்டை வழக்கின்போது தெருவுக்கு வந்த கூட்டத்தைப் பாருங்கள். அவர்கள் இருபத்தைந்து வருடம் காங்கிரஸ் கூட்டங்களில் வளர்ந்தவர்கள், சிறைப் பயம் போனவர்கள். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் மூன்று அதிகாரிகளையும் அமைதியாகத் தண்டித்து முடித்திருப்பார்கள். போஸ் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்துக்கும் சிப்பாய்க்கும் நடுவில் இருந்த மதில் அவ்வளவு வேகமாக விழுந்திருக்காது.

ஏன் அவ்வளவு அவசரம், ஏன் அவ்வளவு இரத்தம்

1945இல் பிரித்தானியாவில் தொழிற்கட்சி வென்று அட்லி பிரதமர் ஆனார். அவருடைய வைஸ்ராய் வேவல், இனிமேல் இந்தியாவை அடக்கிப் பிடிக்க ஆளும் இல்லை காசும் இல்லை, மாகாணம் மாகாணமாகப் படையைப் பின்வாங்குவோம் என்று ஒரு திட்டமே எழுதி அனுப்பினார். போவது முடிவாகிவிட்டது. யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்பதுதான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் பழைய வினை திரும்பி வந்தது. 1909 சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வைத்ததில் இருந்து அரசியல் மத வரிசையில் ஓடியது. 1945-46 தேர்தலில் மத்திய சட்டசபையின் 30 முஸ்லிம் இடங்களையும் பாகிஸ்தான் என்ற தனிநாடு கேட்ட முஸ்லிம் லீக் எடுத்தது. 1946இல் மூன்று பிரித்தானிய அமைச்சர்கள் கொண்டுவந்த கூட்டாட்சித் திட்டத்தை இரண்டு கட்சியும் ஒரு நேரம் ஏற்று ஒரு நேரம் கைவிட்டன. ஓகஸ்ட் 16இல் கல்கத்தாவில் கலவரம் வெடித்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

1947 பெப்ரவரி 20இல் அட்லி, 1948 ஜூனுக்குள் போய்விடுவோம் என்றார். புதிய வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் ஜூன் 3இல் பிரிவினைத் திட்டத்தை அறிவித்து, நாளையும் ஓகஸ்ட் 15க்கு முன்னுக்கு இழுத்தார். எல்லை கிழிக்க வந்த ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கிடைத்த நேரம் ஐந்து கிழமை. கோடு எங்கே என்று வெளியிட்டது ஓகஸ்ட் 17இல், சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. தங்கள் ஊர் எந்த நாட்டில் என்று தெரியாமல் பஞ்சாப் மக்கள் கொடியேற்றினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தார்கள். செத்தவர்களின் தொகையைச் சிலர் இரண்டு லட்சம் என்கிறார்கள், சிலர் பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். இடம்பெயர்வு என்ற சொல்லின் பாரம் தெரிந்த ஊர் இது, மேலே விளக்கத் தேவையில்லை. ஆட்சியை விட்டுப் போகிறவன் கடைசி மாதங்களில் பாதுகாப்புக் கொடுக்கும் கடமையையும் கைவிட்டான் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

குத்தகைக் கதைக்கு வருவோம். இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு 1947 ஜூலை 18இல் அரசரின் ஒப்புதல் கிடைத்தது. அதில் 99 வருடம் என்று எதுவும் இல்லை. இந்தியா முதல் டொமினியனாக இருந்தது, ஜோர்ஜ் மன்னரே மன்னர். பிறகு இந்தியர்களே அரசியல் நிர்ணய சபையில் இருந்து எழுதிய அரசியலமைப்பு 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 395ஆவது உறுப்பு, லண்டன் இயற்றிய அந்தச் சுதந்திரச் சட்டத்தையே நீக்கியது. குத்தகைக் கடுதாசி ஒன்று இருந்திருந்தாலும் அன்றைக்குக் கிழிந்திருக்கும். அந்த மாற்றம் வரை கடைசிக் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், வேதாரணியத்தில் உப்பு எடுத்துப் பிடிபட்ட அதே ராஜாஜி.

எங்களுக்கு ஏன் பெப்ரவரி 4

இலங்கை 1802இல் இருந்தே இந்தியாவில் இருந்து பிரிந்த தனி முடியாட்சிக் காலனி. லண்டனில் இரண்டுக்கும் வேறு வேறு அமைச்சு. ஆகவே இந்தியச் சட்டம் எங்களைத் தொடவில்லை. சோல்பரி ஆணைக்குழு 1944-45இல் வந்து ஒரு யாப்பைப் பரிந்துரைத்தது, டி.எஸ்.சேனநாயக்க பேச்சுவார்த்தையில் டொமினியன் கேட்டார். இந்தியாவையே விட்ட பிறகு இந்தத் தீவைப் பிடித்து வைத்திருக்க லண்டனுக்கு ஒரு காரணம்தான் மிஞ்சியது, திருகோணமலைத் துறைமுகம். பாதுகாப்பு ஒப்பந்தத்தில் அதைப் பாவிக்கும் உரிமை கிடைத்ததும் அதுவும் தீர்ந்தது. 1947 டிசெம்பரில் சட்டம், 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம். காந்தி சுடப்பட்டு ஐந்தாம் நாள்.

"நாங்கள் சண்டை பிடிக்கவில்லையே" என்றவருக்குப் பதில் இதுதான்: அக்கரையில் பிடித்த சண்டையின் பாரத்தில் இக்கரைக் கதவும் திறந்தது. ஆனால் வந்த வழி வேறு என்பதால் விளைவும் வேறு. இந்தியா ஒரு சபையைக் கூட்டி மூன்று வருடம் வாதாடி அடிப்படை உரிமைகளை எழுதியது. எங்கள் யாப்பு லண்டனில் இருந்து அரச கட்டளையாக வந்தது, சிறுபான்மைக்கு அதில் இருந்தது, இனத்தையோ மதத்தையோ பார்த்துப் பாரபட்சமான சட்டம் இயற்றக் கூடாது என்ற 29(2) ஒற்றைப் பிரிவு. பிரித்தானியத் தளங்கள் 1957 வரை இருந்தன, குடியரசு ஆனது 1972 மே 22இல்.

அந்த ஒற்றைப் பிரிவு எவ்வளவு தாங்கும் என்பது முதல் வருடத்திலேயே தெரிந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் இருந்த ஏழு லட்சம் அளவிலான தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு அடுத்த தேர்தலில் வாக்கு இல்லை. இவர்களின் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்தது திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து. உப்பு எடுக்கப் போனவர்களுக்காக மரக்கிளையில் சோறு கட்டித் தொங்கவிட்ட அதே சீமை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2003இல்.